தாவோவில் பன்றி இல்லாமல் என்ன சாப்பிடலாம்?

மக்களே, ஓர் உதவி. தம்பி பிலிப்பைன்ஸில் தாவோ நகரத்தில் மருத்துவம் படிக்கிறான், அவனைப் பார்க்க வந்திருக்கிறேன். நேற்று அவன் விடுதிப் பக்கம் ஒரு கரிந்தேரியாவுக்குப் போனோம். நம்ம ஊர் மெஸ் மாதிரிதான், கண்ணாடிக்குப் பின்னால் சட்டி சட்டியாக இருக்கும், வேண்டியதைக் கைகாட்டினால் சோற்றோடு தருவார்கள். இறால் சினிகாங் வாங்கினேன். தாளிக்காத புளி ரசம் என்று வைத்துக்கொள்ளுங்கள், முள்ளங்கியும் வள்ளைக்கீரையும் மிதக்க, நாக்கு கூசுகிற புளிப்பு. எல்லோரும் ஸ்பூனும் முள்கரண்டியுமாக இருக்க நான் மட்டும் பிசைந்து அடித்தேன்.

சிக்கல் என்னவென்றால் நான் பன்றி, மாடு இரண்டும் தொடமாட்டேன். சேப்ப இலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த லாயிங்கைக் கீரைதானே என்று வாங்கினால் இரண்டாவது வாயிலேயே பன்றித்துண்டு! கேட்காதது என் தப்புதான்.

இங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள், பினாக்பெட் என்கிற காய்கறிக் கூட்டு, காய் மட்டும் போட்டுக் கிடைக்குமா? தகலாக் மொழியில் 'வாலாங் பபோய்' (பன்றி இல்லாமல்) என்று சொன்னால் போதுமா, இல்லை இங்கே பேசுகிற பிசாயா மொழியில்தான் கேட்க வேண்டுமா? அப்புறம் கினிலாவ், அதாவது வினிகரில் ஊறிய பச்சை மீன், அதைச் சின்னக் கடையில் நம்பிச் சாப்பிடலாமா? மாட்டுவால் இல்லாமல் கடலுணவு போட்ட கரே-கரே, அதாவது வேர்க்கடலைக் குழம்பு, எங்கே கிடைக்கும்? ஞாயிறு கிளம்புகிறேன், அதற்குள் சொன்னால் நல்லது.