ஊர்த் தண்ணீர்த் தாங்கிக்கு நிலநடுக்கக் கணக்குத் தேவையா?

சுன்னாகத்தான்:
எங்கள் சனசமூக நிலைய வளவில் 25 அடி உயரத்தில் 40,000 லீற்றர் கொங்கிறீற் தாங்கி கட்டப் போகிறோம். வரைபடம் போட்டவர் தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்களை நெருக்கிப் போடவும், வளைய நுனிக் கொக்கியை 135 பாகைக்கு உள்நோக்கி மடிக்கவும் சொல்கிறார். தூண்களின் நடு உயரத்தில் அவற்றை இணைக்க இன்னொரு சுற்று பீமும் வேண்டுமாம். எல்லாம் நிலநடுக்கத்துக்காம்! இங்கே யாழ்ப்பாணத்தில் எப்போது நிலம் ஆடியது? கீழே சுண்ணாம்புக்கல். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்காமல் இருக்கத்தான் காசு தேவை.

கோண்டாவில் தம்பி:
அண்ணை, 1993 இல் மகாராஷ்டிராவின் லாத்தூர் குலுங்கியபோது அது இந்திய நிலநடுக்க வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த வலயத்தில்தான் இருந்தது. 2001 இல் குஜராத்தின் பூஜ் நடுக்கத்தில் பல உயர் தாங்கிகளைத் தாங்கி நின்ற தண்டிலேயே வெடிப்பு விழுந்தது. 40,000 லீற்றர் என்றால் தண்ணீர் மட்டும் 40 தொன். அதை நாலு கால்தான் தாங்குகிறது. வீட்டில் ஒரு தூண் விட்டால் சுவர் கொஞ்சம் பிடிக்கும், இங்கே பிடிக்க எதுவுமில்லை.

சுன்னாகத்தான்:
பூஜும் யாழ்ப்பாணமும் ஒன்றா? பயத்தைக் காட்டிச் செலவு வைக்காதீர்கள்.

வடமராட்சி மேசன்:
2004 க்கு முதல் கடல் ஊருக்குள் வருமென்று யார் நினைத்தது? சரி, அதை விடுங்கள். பழைய தாங்கி ஒன்றை இடிக்கும்போது நான் பார்த்தது: கொங்கிறீற் உதிர்ந்த இடத்தில் 90 பாகைக்குக் கொக்கி மடித்த வளையமெல்லாம் வாய் திறந்து கிடந்தது. 135 பாகைக்கு உள்ளே மடித்த கொக்கி அப்படி இலேசில் விரியாது. வளையத்துக்குக் கூடுவது சில அங்குலக் கம்பிதான்.

கோண்டாவில் தம்பி:
தண்ணீரும் சும்மா இருக்காது. விட்டம் ஆழத்தைப்போல் இரண்டு மடங்கான வட்டத் தாங்கியில், அமெரிக்கப் பொறியியலாளர் ஹவுஸ்னரின் கணக்குப்படி 54 வீதம் நீர் சுவரோடு சேர்ந்து ஆடும். 44 வீதம் மேலே மெதுவாக அலையும். அந்த அலைக்காகத்தான் விளிம்புக்குக் கீழே வெற்றிடம் விடுகிறோம். குழாய் சுவருக்குள் நுழையும் இடத்திலும் கொஞ்சம் அசைய இடம் வேண்டும்.

சுன்னாகத்தான்:
அலைக் கணக்கு இன்னும் அதிகமாகத்தான் படுகிறது. ஆனால் கொக்கி விஷயம் சரி, கூட்டத்தில் கேட்கிறேன். என் பக்கம் ஒன்று: கம்பிக்கு வெளியே 2 அங்குலக் கொங்கிறீற் மூடாவிட்டால் நான் கையெழுத்து வைக்கமாட்டேன்.

வடமராட்சி மேசன்:
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன் அண்ணை. தூணுக்குப் பலகை அடிக்க முதல் என்னைக் கூப்பிடுங்கள், கம்பிக்கும் பலகைக்கும் நடுவே வைக்கும் இடைக்கட்டையும் கொக்கியும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கொங்கிறீற் போடுவோம்.