புதுப்பிப்பு: குழந்தையின் ஆறாத எக்சிமாவும் பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடும்

மருந்துக்கு அடங்காத எக்சிமா (அரிப்போடு வரும் தோல் அழற்சி) என்றால் பிறவி நோயெதிர்ப்புக் குறைபாட்டையும் நினைத்துப் பாருங்கள் என்று முன்பு எழுதியிருந்தோம். அதில் ஒரு திருத்தமும் இரண்டு சேர்க்கைகளும்.

அத்தகைய பிறவிக் குறைபாடுகளில் ஒன்றான விஸ்காட்-ஆல்ட்ரிச் நோய்க்குத் தட்டணு (ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட்) எண்ணிக்கை குறைவதை மட்டும் சொல்லியிருந்தோம். அது போதாது, தட்டணுக்கள் அளவிலும் சிறுத்திருக்கும். எண்ணிக்கை மிகவும் இறங்கினால் ரத்த அணுக்களை எண்ணும் எந்திரம் சில நேரம் அளவைக் காட்டாது. அப்போது ரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆண் குழந்தைக்கு எக்சிமாவோடு தோலில் ஊசிமுனைச் சிவப்புப் புள்ளிகளும் இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. காய்ச்சலுக்கு இப்யூபுரூஃபன், ஆஸ்பிரின் வேண்டாம். ரத்தக் கசிவு கூடும்.

அடுத்தது பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) ஊசித் தழும்பு. சிறு கட்டி, புண், தழும்பு என்று சுமார் மூன்று மாதத்துக்குள் ஆறுவது வழக்கம். புண் பரவினாலோ, அதே பக்க அக்குளில் நெறி கட்டிச் சீழ் வடிந்தாலோ அது நோயெதிர்ப்புக் குறைபாட்டின் அறிகுறியாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை முடிவிலிருந்து நிணநீர் அணுக்களை (லிம்போசைட்) கணக்கிடுங்கள்: மொத்த வெள்ளணுக்களை லிம்போசைட் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுக்க வேண்டும். கைக்குழந்தைக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 3000-க்குக் கீழே என்றால் உடனே நோயெதிர்ப்பியல் நிபுணரிடம் போக வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் டிஎச்ஆர் பரிசோதனை (வெள்ளணுக்களுக்குக் கிருமியைக் கொல்லும் திறன் இருக்கிறதா என்று பார்ப்பது) தேவைப்படலாம். முடிவு தெரியும்வரை உயிருள்ள (வலுக்குறைத்த கிருமி கொண்ட) தடுப்பூசி எதுவும் வேண்டாம்.

எக்சிமாத் தோலில் கிருமியைக் குறைக்க, மிகவும் நீர்த்த ப்ளீச் கலந்த தண்ணீரில் குளிப்பாட்டும் ப்ளீச் குளியலின் அளவைப் பலர் கேட்டிருந்தீர்கள். மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும், 10 லிட்டர் தண்ணீருக்கு 5 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசல் 10 மில்லி. பத்து நிமிடம், வாரம் இருமுறை. ப்ளீச்சிங் பவுடரைக் கரைக்காதீர்கள், அளவு தப்பித் தோல் வெந்துவிடும்.