வாலட்டில் பழைய கணக்கைச் சேர்ப்பது: உதவிக் குறிப்பை எப்படி எழுதினால் புரியும்?

சுடர்மதி

எங்கள் குழுவில் மெட்டாமாஸ்க் (எத்தீரியம் போன்ற கிரிப்டோ பணத்தைக் கையாளும் வாலட் செயலி) பயன்படுத்துகிறவர்களுக்காகத் தமிழில் ஒரு உதவிப் பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நிறுவுவது, பாஸ்வேர்டு வைப்பது எல்லாம் எளிதாக முடிந்துவிட்டது. ஏற்கெனவே வேறு இடத்தில் இருக்கும் கணக்கை உள்ளே கொண்டுவரும் பகுதிதான் படுத்துகிறது. இப்போதைய வரைவு இது:

"கணக்குப் பட்டியலைத் திறக்கவும். இம்போர்ட் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். உங்கள் கீயை ஒட்டி, மறுபடி இம்போர்ட் அழுத்தவும். கணக்கு தயார்."

சுருக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் படித்தவர்கள் திரும்பி வந்து கேட்கிற கேள்விகளைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஒருவர் வாலட் முழுவதையும் மீட்க உதவும் 12 சொற்களையும், ஒரே ஒரு கணக்குக்கான ரகசியச் சாவியான பிரைவேட் கீ கட்டத்தில் ஒட்டிவிட்டு ஏன் ஏற்க மாட்டேன் என்கிறது என்று கேட்கிறார். இன்னொருவர் கணக்கு வந்துவிட்டது, இருப்பு பூஜ்யம் என்று காட்டுகிறது, பணம் போச்சா என்கிறார். வேறொருவரிடம் இருப்பது ஏதோ ஒரு ஃபைல். ஸ்கிரீன்ஷாட் நிறையப் போட்டால் சரியாகிவிடுமா? மெனு அடிக்கடி இடம் மாறுவதால் அதிலும் தயக்கம். எங்கே விளக்குவது, எங்கே விட்டுவிடுவது?

கதிர்_கோ

உங்கள் வரைவு எந்த பட்டனை அழுத்துவது என்பதிலிருந்து தொடங்குகிறது. பட்டனை அவரே கண்டுபிடித்துவிடுவார். தன் கையில் இருப்பது என்ன என்பதுதான் அவருக்குத் தெரியாது. அதனால் முதல் பத்தியிலேயே அதைக் கேளுங்கள். "உங்களிடம் இருப்பது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களா? அது சீட் ஃபிரேஸ். எண்களும் எழுத்துகளும் கலந்து 64 எழுத்து நீளத்தில் ஒரே சரமாக இருக்கிறதா? அது பிரைவேட் கீ. பிரைவேட் கீயைப் பூட்டி வைத்திருக்கும், பாஸ்வேர்டு கேட்கும் ஜேசன் ஃபைலா? லெட்ஜர் மாதிரி கீயை உள்ளே வைத்திருக்கும் தனிக் கருவியா?" ஒவ்வொன்றுக்கும் கீழே அதற்கான வழியை மட்டும் எழுதுங்கள். நான்கையும் ஒரே பத்தியில் கலந்தால் நீங்கள் சொன்ன கேள்விகள்தான் வரும். பணம் பெறுவதற்கான முகவரியைக் கீ என்று நினைத்து ஒட்டுகிறவர்களும் உண்டு, அதற்கும் ஒரு வரி வையுங்கள்: முன்னால் வரும் 0-எக்ஸை விட்டுவிட்டால் முகவரி 40 எழுத்துதான், அது ரகசியமும் இல்லை, அதை வைத்துக் கணக்கைத் திறக்கவும் முடியாது.

அடுத்தது பேக்கப். எனக்குத் தெரிந்து உதவிப் பக்கங்களில் அதிகம் விடுபடுவது இதுதான். மெட்டாமாஸ்க்கில் பிரைவேட் கீ மூலம் சேர்த்த கணக்கு, அந்த வாலட்டின் 12 சொற்களுக்குள் அடங்காது. நாளைக்குப் போன் தொலைந்து, புதுப் போனில் அந்த 12 சொற்களைப் போட்டுத் திறந்தால், அந்தச் சொற்களிலிருந்து உருவான கணக்குகள் வரும், இது மட்டும் வராது. பிரைவேட் கீயைத் தனியாக எழுதி வைத்திருந்தால்தான் மறுபடி சேர்க்கலாம். எல்லாம் ஒரே பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதால், 12 சொற்கள் எல்லாவற்றையும் காப்பாற்றும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். "கணக்கு தயார்" என்று நீங்கள் முடிக்கிற இடத்தில் இதைச் சொல்லுங்கள், அதுவும் தடித்த எழுத்தில்.

எச்சரிக்கைகளை எல்லாம் பக்கத்தின் தலையில் கொட்டாதீர்கள், ஒருவரும் படிப்பதில்லை. சொற்களைத் தட்டச்சு செய்யச் சொல்லும் வரிக்கு நேர் மேலே ஒன்றே ஒன்று போதும்: "இந்தச் சொற்களை எங்கள் குழு உட்பட யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், உதவி செய்கிறேன் என்று தனிச்செய்தியில் வருகிறவருக்கும்தான்."

பழங்கணினி

ஸ்கிரீன்ஷாட் பற்றி ஒன்று. மாதிரிக்காகக்கூட படத்தில் ஒரு முழு சீட் ஃபிரேஸைக் காட்டாதீர்கள். புரோகிராமர்கள் சோதனைக்குப் பயன்படுத்தும் ஒரு தொடர் உண்டு, டெஸ்ட் என்ற சொல் 11 முறை, கடைசியில் ஜங்க். அது ஊருக்கே தெரிந்த வாலட். அதற்குள் தெரியாமல் யாராவது காசு போட்டால் அடுத்த நொடியே உருவி எடுத்துக்கொள்ள பாட்கள் (தானாக இயங்கும் புரோகிராம்கள்) காத்துக் கிடக்கின்றன. படத்தைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்கிறவர்கள் இருக்கிறார்கள், சிரிக்காதீர்கள். கட்டங்கள் காலியாக இருக்கும் படத்தைப் போடுங்கள்.

நிலவன்

"பணம் போச்சா" கேள்விக்குப் பதில் இம்போர்ட் செய்வதற்கு முன்னாலேயே இருக்க வேண்டும். பழைய வாலட்டிலிருந்து, இல்லையென்றால் முன்பு செய்த ஏதாவது ஒரு பரிவர்த்தனையிலிருந்து, தன் முகவரியை முதலில் எடுத்து எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதை ஈத்தர்ஸ்கேனில் (எத்தீரியம் கணக்குகளை யாரும் பார்க்கக்கூடிய இணையதளம்) போட்டால் எந்தக் கீயும் இல்லாமலே இருப்பு தெரியும். காசு பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கேட்டில்தான் இருக்கிறது, வாலட் அதைக் காட்டுகிற ஜன்னல் என்பது அதைக் கண்ணால் பார்த்தவுடன் அவர்களுக்கே புரிந்துவிடும், நீங்கள் ஒரு பக்கம் விளக்க வேண்டாம்.

இம்போர்ட் முடிந்ததும் இரண்டு முகவரியும் ஒன்றா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுதான், ஆனாலும் பூஜ்யம் என்றால் பெரும்பாலும் நெட்வொர்க் தப்பு (காசு பாலிகான் என்ற வேறொரு நெட்வொர்க்கில் கிடக்கும், இவர் எத்தீரியத்தில் தேடிக்கொண்டிருப்பார்), அல்லது அவர் வைத்திருக்கும் டோக்கனை (நெட்வொர்க்கின் சொந்தக் காசு தவிர அதன்மேல் இயங்கும் வேறு காசு) வாலட்டின் பட்டியலில் சேர்த்திருக்க மாட்டார். முகவரியே வேறு என்றால் கதை வேறு. அதே 24 சொற்கள்தான், ஆனால் அவற்றிலிருந்து கணக்குகளை வரிசையாக உருவாக்கும் வழி வாலட்டுக்கு வாலட் மாறும். லெட்ஜர் கருவிக்கான லெட்ஜர் லைவ் செயலியில் உருவாக்கிய இரண்டாவது கணக்கு, அதே சொற்களை மெட்டாமாஸ்க்கில் போட்டால் இரண்டாவதாக வராது. அப்புறம், சிலர் சொற்களோடு கூடுதலாக ஒரு பாஸ்ஃபிரேஸ் (தாங்களே தேர்ந்தெடுத்த ரகசியத் தொடர்) வைத்திருப்பார்கள். அதில் ஒரு எழுத்து பிசகினாலும் "தவறு" என்று எதுவும் சொல்லாது, அமைதியாக ஒரு காலி வாலட்டைத் திறந்து காட்டும்.

மேகலா_ஆர்

எல்லாரும் இம்போர்ட் செய்தே ஆக வேண்டுமா என்ன? பிரைவேட் கீயை ஒரு காலத்தில் வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பி வைத்தவர், மெயிலில் போட்டு வைத்தவர் எல்லாம் அந்தக் கணக்கையே தொடர்ந்து வைத்திருப்பது நல்லதல்ல. புதுக் கணக்கு ஒன்று தொடங்கி, கொஞ்சம் கட்டணம் போனாலும் பரவாயில்லை என்று பணத்தை அங்கே மாற்றிவிடுவதே மேல். பிட்காயினுக்கான எலெக்ட்ரம் வாலட்டில் இதற்கென்றே ஸ்வீப் என்று தனி வழி இருக்கிறது. பழைய கீயில் இருப்பதை மொத்தமாகப் புது முகவரிக்கு அனுப்பிவிடும். உங்கள் பக்கத்தில் இதற்கும் ஓரிரண்டு வரி ஒதுக்குங்கள்.

கதிர்_கோ

மேகலா சொல்வது சரி. ஆனால் ஸ்டேக்கிங்கில் (வருமானத்துக்காக நெட்வொர்க்கில் ஒப்படைத்து) பூட்டிக் கிடக்கும் பணத்தை அப்படி உடனே நகர்த்த முடியாது, அவருக்கு அந்தப் பழைய கணக்கு வேண்டும். அதனால் "மாற்றிவிடுங்கள்" என்று ஒரேயடியாக எழுதாதீர்கள்.

சுடர்மதி

நன்றி. முதல் பத்தியை மாற்றிவிட்டேன்: "தொடங்கும் முன் இரண்டு விஷயம் கையில் இருக்கட்டும். ஒன்று, உங்கள் பழைய கணக்கின் முகவரி. இன்னொன்று, அதைத் திறப்பதற்கான சொற்களோ கீயோ ஃபைலோ." மெனுப் படங்களை எடுத்துவிட்டு, கடைசியில் திரை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மட்டும் ஒரு படம் வைக்கிறேன். கையால் எழுதிய சொல் புரியவில்லை என்கிறவர்களுக்கு என்ன சொல்வது? ஜேசன் ஃபைலில் எந்த பாஸ்வேர்டு கேட்கும் என்பதும் எனக்கே தெளிவாக இல்லை.

பழங்கணினி

அந்தச் சொற்கள் 2048 சொற்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்துதான் வரும், முதல் நான்கு எழுத்தை வைத்தே எந்தச் சொல் என்று பிரித்துவிடலாம். பட்டியலைப் பார்த்துத் தேடச் சொல்லுங்கள், ஆனால் வரிசை மாறக் கூடாது. ஃபைலுக்குக் கேட்பது அதை உருவாக்கியபோது பழைய வாலட்டில் வைத்த பாஸ்வேர்டு, மெட்டாமாஸ்க் பாஸ்வேர்டு அல்ல. கொடுத்ததும் சற்று நேரம் திரை அப்படியே உறைந்து நிற்கலாம், பூட்டைத் திறக்கும் கணக்கீடு வேண்டுமென்றே மெதுவாக வைக்கப்பட்டிருக்கிறது. அந்த நேரத்தில் ஜன்னலை மூடிவிட வேண்டாம் என்று கட்டாயம் எழுதுங்கள்.