தறிக்கூடத்தில் ஐஆர் ரிமோட்டின் எண் மாறி மாறி வருகிறது

தறிக்கூடம்_அம்மாப்பேட்டை:
வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையில் உள்ள எங்கள் விசைத்தறிக் கூடத்தின் டியூப்லைட்டுகளையும் மின்விசிறிகளையும் ரிமோட்டில் இயக்குவதற்காக, அர்டுயினோ யூனோ என்ற சிறு நிரற்பலகை, ஐஆர் (அகச்சிவப்புக் கதிர்) சமிக்ஞையை வாங்கும் விஎஸ்1838பி ரிசீவர், மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே பலகை ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். ரிமோட் 21 பொத்தான்கள் கொண்ட மலிவான வகை. வீட்டில் சோதித்தபோது முதல் பொத்தானுக்குக் கட்டளை எண் 69 என்று பிசகாமல் வந்தது. கூடத்தில் மாட்டியதும், யாரும் ரிமோட்டைத் தொடாமலேயே சீரியல் மானிட்டரில் (அர்டுயினோ அனுப்புவதைக் கணினியில் காட்டும் சாளரம்) சம்பந்தமில்லாத எண்கள் ஓடுகின்றன. பொத்தானை அழுத்தினால் சில வேளைகளில்தான் வேலை செய்கிறது. மேலும், பழைய பாடம் ஒன்றில் அதே பொத்தானுக்கு 162 என்று இருக்கிறது. ரிமோட்டில் கோளாறா?

சூரமங்கலம்_சோல்டர்:
ரிமோட்டில் கோளாறு இல்லை. 162-ஐ இரும எண்ணாக எழுதினால் 10100010. அதைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படித்தால் 01000101, அதாவது 69. இந்த ரிமோட் பயன்படுத்தும் என்இசி என்ற சமிக்ஞை முறையில் கடைநிலை பிட் (இரும எண்ணின் வலக்கோடி இலக்கம்) முதலில் அனுப்பப்படுகிறது. சமிக்ஞையைப் படித்துத் தரும் ஆயத்த நிரல் தொகுப்பான ஐஆர்ரிமோட் லைப்ரரியின் பழைய பதிப்புகள் வந்த வரிசையிலேயே பிட்டுகளை அடுக்கின. புதியவை முறைப்படி திருப்பித் தருகின்றன. புதிய பதிப்பையே வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தமில்லாத எண்களுக்குக் காரணம் வேறு. என்இசி சட்டகம், அதாவது பொத்தானை அழுத்தினால் வரும் முழுச் சமிக்ஞை, 9 மில்லிவினாடித் துடிப்பு, 4.5 மில்லிவினாடி இடைவெளி என்று தொடங்கும். அதன் பின் வரும் ஒவ்வொரு பிட்டிலும் துடிப்பு ஏறத்தாழ 560 மைக்ரோவினாடிதான். அதை அடுத்த இடைவெளியும் 560 என்றால் 0, சுமார் 1690 என்றால் 1. இந்த அமைப்பிலோ தெரிந்த வேறு முறையிலோ அடங்காத எதையும் லைப்ரரி 'தெரியாதது' என்று வகைப்படுத்தி, துடிப்புகளின் நீளங்களிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டுத் தருகிறது. நீங்கள் பார்ப்பது அந்த எண்களைத்தான். நிரலில் முதலில் முறை என்இசிதானா என்று பார்த்து, இல்லையென்றால் ஒதுக்கிவிடுங்கள். கட்டளையும், சரிபார்க்க அதனுடன் வரும் தலைகீழ் பைட்டும் (0, 1 இடம் மாறியது) சேர்ந்து 255 ஆகின்றனவா என்பதை லைப்ரரி பார்த்துக்கொள்ளும் (69 + 186).

ஏற்காடு_மின்பணி:
நிரலில் ஒதுக்கினால் மானிட்டர் அமைதியாகும், ஆனால் இரைச்சல் ரிசீவரின் காதை அடைத்துக்கொண்டுதான் இருக்கும். அதன் உள்ளே இருக்கும் தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாடு, தொடர்ந்து இரைச்சல் வந்தால் உணர்திறனைக் குறைத்துவிடும். பொத்தான் சில வேளைகளில் மட்டும் வேலை செய்வது அதனால்தான் என்று நினைக்கிறேன். முதலில் ரிசீவரின் முகப்பைக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் முழுதும் மூடிப் பாருங்கள். எண்கள் நின்றால் குற்றவாளி வெளிச்சம். எலக்ட்ரானிக் சோக் உள்ள டியூப்லைட்டுகள் இதற்குப் பேர்போனவை. நிற்காவிட்டால் தறி மோட்டார்களின் இரைச்சல் மின்சாரம் வழியாக ஏறுகிறது. ரிசீவரின் மின்னிணைப்பில் 100 ஓம் மின்தடையும், அதன் மின் காலுக்கும் தரைக் காலுக்கும் இடையே ஒட்டியபடி 4.7 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் வையுங்கள்.

வெளிச்சம்தான் என்றால் ரிசீவரை விளக்குகள் நேரே தெரியாத கோணத்தில் திருப்புங்கள், அல்லது இரைச்சல் மிகுந்த இடங்களுக்கென்றே வரும் டிஎஸ்ஓபி38438 ரிசீவரை வாங்குங்கள். பழைய டிஎஸ்ஓபி1738-க்கான வரைபடத்தைப் பார்த்து இணைக்க வேண்டாம். அதன் கால் வரிசை வேறு. இன்னொன்று: தறி மோட்டார்களை இந்த ரிலேயில் கோக்க நினைத்தால், தயவுசெய்து கைவிடுங்கள். ஒருவர் இழையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்போது தறி தானாக ஓடக்கூடாது.

தறிக்கூடம்_அம்மாப்பேட்டை:
மிக்க நன்றி. டேப்பால் மூடியதும் எண்கள் நின்றுவிட்டன; ரிசீவரைச் சுவர்ப் பக்கம் திருப்பி, நிழல் விழும்படி ஓர் அட்டைக் குழாயும் மாட்டியிருக்கிறேன். தறிகளை இணைக்கும் எண்ணம் இல்லை. இப்போது மிஞ்சியிருப்பது ஒன்றுதான்: பொத்தானைச் சற்று அழுத்திப் பிடித்தால் விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது.

சூரமங்கலம்_சோல்டர்:
பிடித்திருக்கும் வரை சுமார் 108 மில்லிவினாடிக்கு ஒருமுறை 'திரும்பவும்' என்ற குறுகிய சமிக்ஞை வரும். லைப்ரரி அதைத் தனிக் கொடியாக (ஆம்/இல்லை என்ற குறிப்பாக) காட்டுகிறது. அந்தக் கொடி இருந்தால் ரிலேயை மாற்றாமல் விட்டுவிடுங்கள்.