ஸ்லர்ம் தரும் கணுப் பட்டியலைத் தனித்தனி இயந்திரப் பெயர்களாகப் பிரிப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். எங்கள் ஆய்வகக் கிளஸ்டரில் (வலையமைப்பால் இணைந்த கணினிக் கூட்டம்; அதன் ஒவ்வொரு கணினியும் ஒரு கணு) டெபியன் லினக்ஸ் இயங்குதளமும், வேலைகளுக்குக் கணுக்களை ஒதுக்கும் ஸ்லர்ம் மென்பொருளும் இயங்குகின்றன. நாங்கள் பயன்படுத்தும் நிரல், எம்பிஐசிஎச் (பல கணினிகளில் ஓடும் செயல்கள் தமக்குள் செய்தி பரிமாற உதவும் மென்பொருள்) வழியாக நான்கு கணுக்களில் கணுவுக்கு 16 செயல்களை (இயங்கும் நிரல் நகல்களை) தொடங்க, வரிக்கு ஓர் இயந்திரப் பெயர் கொண்ட ஹோஸ்ட் கோப்பைக் கேட்கிறது. ஒதுக்கப்படும் கணுக்கள் ஒவ்வொரு முறையும் மாறுவதால், ஒதுக்கிய கணுக்களின் பட்டியலை ஸ்லர்ம் இட்டுவைக்கும் ஸ்லர்ம்_ஜாப்_நோட்லிஸ்ட் என்ற சூழல் மாறியின் மதிப்பைக் காற்புள்ளியில் வெட்டிக் கோப்பில் எழுதுகிறேன். ஆனால் அம்மதிப்பு நோட்[01-03,07] என்று சுருக்கமாக இருப்பதால், முதல் வரியில் ‘நோட்[01-03’ என்றும் அடுத்த வரியில் ‘07]’ என்றும் விழுந்து, அப்படி ஓர் இயந்திரம் இல்லை என்ற பிழையுடன் வேலை நின்றுவிடுகிறது. இதற்கு முறையான வழி உண்டா?

மறுமொழி 1:
வணக்கம். அந்தச் சுருக்கத்தை விரிப்பதற்கென்றே ‘எஸ்கன்ட்ரோல் ஷோ ஹோஸ்ட்நேம்ஸ்’ என்ற கட்டளை இருக்கிறது. வேலைக்குள்ளிருந்து வேறெதுவும் கொடுக்காமல் இயக்கினால், அதே சூழல் மாறியைத் தானே படித்து நோட்01, நோட்02, நோட்03, நோட்07 என வரிக்கு ஒன்றாகத் தரும். பட்டியலை நீங்களே கொடுப்பதானால் மேற்கோள் குறிக்குள் கொடுங்கள். இல்லையெனில் சதுர அடைப்புக்குறிகளை, கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல் தன் போக்கில் பொருள்கொள்ள இடமுண்டு. ஒவ்வொரு பெயரும் ஒரு முறைதான் வரும் என்பதால், பெயரை அடுத்து முக்காற்புள்ளியும் 16 என்ற எண்ணும் சேருங்கள். கணுக்களுக்கிடையே செயல் எண்ணிக்கை வேறுபட்டால் ஸ்லர்ம்_டாஸ்க்ஸ்_பெர்_நோட் மாறியைப் பார்க்க வேண்டும். அதுவும் 16(x3),8 (மூன்று கணுக்களில் 16, அடுத்ததில் 8) என்பது போலச் சுருக்கமாகவே இருக்கும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. கோப்பு இப்போது சரியாக உருவாகிறது. ஒவ்வொரு செயலும் தன் இயந்திரப் பெயரை மட்டும் அச்சிடும் சிறு சோதனையும் நான்கு கணுக்களிலும் ஓடுகிறது. ஆயினும் உண்மையான கணக்கீடு, கணுக்களுக்கிடையே முதல் செய்தி செல்ல வேண்டிய இடத்தில் அசையாமல் நிற்கிறது. ஒரே கணுவில் இயக்கினால் எந்தத் தடையும் இல்லை.

மறுமொழி 2:
பெயர் சரியாக இருந்தாலும், அந்தப் பெயர் எந்த முகவரியைச் சுட்டுகிறது என்பதை ஒவ்வொரு கணுவிலும் தனியே பார்க்க வேண்டும். ஸ்லர்மின் ‘எஸ்ரன்’ கட்டளை மூலம் எல்லாக் கணுக்களிலும், பெயருக்குரிய முகவரியைக் காட்டும் ‘கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்’ கட்டளையை அந்தந்தக் கணுவின் பெயருடன் இயக்குங்கள். 127.0.1.1 என்று வந்தால் காரணம் அதுதான்; எந்த இயந்திரத்திலும் அம்முகவரி அந்த இயந்திரத்தையே சுட்டும். டெபியனின் நிறுவல் நிரல், ஈடிசி கோப்பகத்தின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் இயந்திரத்தின் சொந்தப் பெயரை அம்முகவரியுடன் இணைத்து ஒரு வரி எழுதுவது வழக்கம். தனிக் கணினியில் அதனால் தீங்கில்லை. கிளஸ்டரிலோ, நோட்01-இல் உள்ள செயல் தன்னை அடையும் முகவரியாக அதையே மற்றவர்களுக்கு அறிவிக்க, நோட்02 அந்த முகவரியை நாடித் தன்னையே தொடர்புகொள்ள முயல்கிறது. பெயரை அச்சிடும் சோதனையில் செயல்கள் ஒன்றோடொன்று பேசுவதில்லை; ஆகவே இக்குறை அதில் வெளிப்படாது.

கேட்டவர்:
நான்கிலும் 127.0.1.1 என்றே வந்தது. நிர்வாகி அவ்வரிகளை நீக்கி, உள் வலையமைப்பின் முகவரிகளை எல்லாக் கணுக்களிலும் ஒரே மாதிரியாக எழுதியபின் கணக்கீடு ஓடுகிறது.

மறுமொழி 2:
மகிழ்ச்சி. கணுக்களை நிறுவப் பயன்படுத்தும் மூலப் படிமத்திலும் அவ்வரியை நீக்கச் சொல்லுங்கள். இல்லையேல் அடுத்த மறுநிறுவலில் அது திரும்ப வந்துவிடும்.