நண்பன் பக்கத்தில் இருந்தால் மகன் ஓட்டும் விதம் மாறுகிறது: ஆலோசனை தேவை

குழுவினருக்கு வணக்கம். மெல்பேர்னில் வசிக்கும் எங்கள் மகன், புதிதாக உரிமம் பெற்றவர்கள் காரில் ஒட்டவேண்டிய சிவப்பு 'பி' அட்டையை ஒட்டிக்கொண்டு அண்மையில் தனியாகக் கார் ஓட்டத் தொடங்கியிருக்கிறான். உரிமத்துக்குத் தேவையான 120 மணி நேரப் பயிற்சியில் நாங்கள் பக்கத்தில் இருந்தபோது குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முன்னிருக்கையில் நண்பன் இருந்தால், மஞ்சள் விளக்கைக் கண்டதும் அதே பையன் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறான் என்பதைப் பின்னால் அமர்ந்திருந்த மகள் சொல்லித்தான் அறிந்தோம்.

வளர்ப்புதான் சரியில்லை என்கிறார்கள் உறவினர்கள் (அவர்கள் எதற்கும் அதைத்தான் சொல்வார்கள்). எனக்கு அப்படித் தோன்றவில்லை. அமெரிக்காவில் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை ஆடிய பதின்பருவத்தினர், தனியாக இருந்தபோது எடுத்ததைவிட மிக அதிகமான ஆபத்துகளை நண்பர்கள் உடனிருந்தபோது எடுத்தார்கள்; 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் காணப்படவில்லை. எங்கள் விக்டோரியா மாநிலத்திலும் உரிமம் பெற்ற முதல் ஓராண்டில் 16 முதல் 21 வயது வரையுள்ள ஒருவரை மட்டுமே ஏற்றலாம்; உடன்பிறந்தவர்கள் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. ஆபத்துக்கு அந்த ஒருவரே போதும் என்பதுதான் என் கவலை.

இந்தக் கட்டத்தைக் கடந்த பெற்றோர், வேகத்தைப் பதிவுசெய்யும் கருவி பயன் தந்ததா, அல்லது பிள்ளையின் நம்பிக்கையைக் கெடுத்ததா என்று எழுதினால் உதவியாக இருக்கும். உடன் செல்பவர் "மெதுவாகப் போ" என்று கூச்சமின்றிச் சொல்ல எப்படிப் பழக்கினீர்கள்? அந்த நண்பனின் பெற்றோரிடம் நான் நேரடியாகப் பேசலாமா, அது மகனுக்குத் தலைகுனிவாகிவிடுமா?