பத்து மாதமாக ஜீவனாம்சம் வரவில்லை, யாரிடம் போவது?

கேள்வி:
மகளுக்கு ஏழு வயது. அவளுக்கு மாதம் 6,000 ரூபாய் தர வேண்டும் என்று குடும்ப நல நீதிமன்றம் உத்தரவு போட்டது. மூன்று மாதம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. ஸ்கூல் டைரியில் ‘ஃபீஸ் பாக்கி’ என்று எழுதி அனுப்புகிறார்கள். நான் பார்த்துவிடக் கூடாதென்று அந்தப் பக்கத்தை மடித்து வைக்கிறாள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை.

பதில் 1:
அக்கா, நானும் இதே வாசலில் நின்றவள். உங்கள் மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே கிடையாது, வக்கீல் இலவசம். போகுமுன் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். உத்தரவின் நகலும் பாஸ்புக்கும் முக்கியம். பணம் வந்த மூன்று மாதத்தையும் நான் பென்சிலால் வட்டமிட்டுக் கொண்டு போனேன், அதற்குப் பின் எதுவும் வரவில்லை என்பது பார்த்தவுடன் புரிந்தது.

பதில் 2:
தள்ளிப்போடாதீர்கள். ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும், அது தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். உங்களுக்குப் பத்து மாதம் ஓடிவிட்டது. ஜீவனாம்சத்துக்கு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு என்போமே, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் அது 144ஆவது பிரிவு. காரணமில்லாமல் தராதவருக்கு வாரண்ட் போகும். அதன்பிறகும் கட்டாவிட்டால் ஒரு மாதம் வரை சிறை உண்டு.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிம்மா. பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக்கொண்டு திங்கட்கிழமை காலையிலேயே போகிறேன்.